ஜெபப் பிள்ளை

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் குழுவை முன்னால் வரச்சொல்லி, ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்து அனுப்பினார்கள். பார்த்தவர்கள் ஏதோ காட்டுக்குள் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். போகிற ஊர் வலங்கைமான். எழும்பூரில் ரயில் ஏறித் தூங்கினால் விடியும்போது கும்பகோணம், அங்கிருந்து வேனில் அரை மணி.

மஞ்சள் நிறத்தில் டி-சர்ட் கொடுத்தார்கள். முதுகில் ‘திக்கற்றோரைத் தேடி’ என்று கொட்டை எழுத்து. புடவைக்கு மேல் இதை எப்படிப் போடுவது என்றேன். “சுடிதார் போடுங்க சிஸ்டர், யூத்தா இருப்பீங்க” என்றாள் ஷெரின். கல்லூரியில் படிக்கிற பெண், எங்கள் குழுவின் மொழிபெயர்ப்பாளர். நாற்பத்தெட்டு வயதில் போய் சுடிதார் வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் சாமுவேல் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்.

தேதி குறித்தது நான்தான். மே மாதம் எனக்கு லீவு, காலேஜ் பிள்ளைகளுக்கு லீவு, இல்லத்துப் பிள்ளைகளுக்கும் ஸ்கூல் கிடையாது, எல்லாருக்கும் வசதி என்று கமிட்டியில் எடுத்துச் சொன்னேன். “கணக்கு டீச்சர் கணக்கு தப்புமா?” என்றார் பாஸ்டர் கிருபாகரன்.

ஏன் போகிறேன்? கேட்டவர்களிடம் ஊழிய பாரம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே உண்மையை எழுதலாம். அந்த வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வீட்டில் இல்லை.

மே 2, வெள்ளி

வந்து சேர்ந்தோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடமுருட்டி ஆற்றில் மணல்தான் இருக்கிறது, ஓரமாக ஆடு மேய்கிறது. டெல்டா என்றதும் பச்சைப் பசேல் என்று எதிர்பார்த்து வந்த ஷெரின், “கிரீன் எங்கே?” என்று கேட்டாள். வேன் ஓட்டுகிற அப்சர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “மேட்டூர் திறந்தப்புறம் வந்திருக்கணும்மா. இப்ப பருத்திதான். வரக்கூடாத மாசத்துல வந்திருக்கீங்க.” வாடகை வேன்காரர், உள்ளூர் ஆள், வாய் கொஞ்சம் நீளம்.

பிள்ளைகள் வாசலில் உயரப்படி வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். ஆளுக்கொரு காகிதப் பூ. இல்லத்தை நடத்துகிற தமிழரசன் வெள்ளை வேட்டி சட்டையில் நடுவில் நின்றார். பிள்ளைகள் அவரை ‘டாடி’ என்று கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பாஸ்டரும் டாடி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் சீட்டுக் குலுக்கல். நாங்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையின் பெயரை எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை நம்முடைய ‘ஜெபப் பிள்ளை’. இங்கே இருக்கும்வரை அதற்கு நாம்தான் அம்மா, அப்பா. சாப்பாடு ஊட்டி, பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் அதன் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். எனக்கு வந்தது ‘கிரேஸி’. ஒன்பது வயதிருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ரெட்டைச் சடை, நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

“கிரேஸி. அழகான பேரு.”

“என் பேரு குந்தவை.”

டாடி சிரித்துக்கொண்டே நடுவில் வந்தார். “அது பழைய பேரு சிஸ்டர். இங்க வந்தப்புறம் புதுப் பேரு.”

ராத்திரி ஜெபத்தில் ஒவ்வொருவரும் ‘இன்றைய பாடம்’ சொல்ல வேண்டும் என்பது பாஸ்டர் சட்டம். கர்த்தர் இன்று எனக்கு என்ன கற்றுக்கொடுத்தார்? பிள்ளையில்லாதவளுக்கும் ஒரு பிள்ளையைக் குறித்து வைத்திருக்கிறார் என்று சொன்னேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் அழுதேன். அதில் நடிப்பு இல்லை.

மே 3, சனி

விசிலடித்து டாடி சொல்லிவிட்டாராம், பிள்ளைகள் எல்லாரும் எங்களை அம்மா, அப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று. எங்கள் குழுவில் மீசைகூட அரும்பாத பிரின்ஸை அவன் தோள் உயரத்துக்கு இருக்கும் பையன் ‘அப்பா, சாம்பார்’ என்கிறான். பிரின்ஸுக்குத் தலைகால் புரியவில்லை, வீடியோ எடுத்து அவன் அம்மாவுக்கே அனுப்பிவிட்டான்.

என்னுடையது மட்டும் ஆன்ட்டி என்கிறது. புரசைவாக்கத்தில் தேடித் தேடி வாங்கிய ஃப்ராக்கைக் கொடுத்தேன். “தேங்க்ஸ் ஆன்ட்டி” என்று மடிப்புக் கலையாமல் திரும்ப என் கையிலேயே வைத்துவிட்டாள். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: “சும்மா ஒரு தடவை அம்மான்னு கூப்பிடேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “வேணாம் ஆன்ட்டி.”

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மே 4, ஞாயிறு

பாஸ்டரிடம் சொன்னேன். “காயப்பட்ட பிள்ளை சிஸ்டர். அன்பால ஜெயிங்க.” சரி, ஜெயிக்கிறேன்.

மே 5, திங்கள்

மணிக்கட்டில் கட்டு, எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் விடுமுறை வேதப் பள்ளி தொடங்கியது. ஆக்‌ஷன் பாட்டு, கலர் பேப்பர், எல்லாம் நன்றாகத்தான் போனது. மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் பெண்கள் ஹாலுக்குப் போனேன். குந்தவை படுக்கைக்கு மேலே ஆணியில் ஒரு கட்டைப்பை, ஜவுளிக்கடைப் பை, வாய் கட்டி நாளும் தொங்கிக்கொண்டே இருக்கும். யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து கட்டி வைத்திருக்கிறது போல, பாவம் என்று நினைத்தேன். இது உன் வீடு, பயப்படாதே என்று காட்டலாம் என்று... என்ன புத்திசாலித்தனம்! பையை அவிழ்த்து, இரண்டு பாவாடை சட்டை, சீப்பு, பொட்டு அட்டை, பிளாஸ்டிக் வளையல் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினேன். நான் வாங்கிய ஃப்ராக்கை மேலே வைத்தேன்.

முழித்துப் பார்த்தாள். அப்படி ஒரு அலறலை நான் கேட்டதில்லை. தரையில் விழுந்து புரண்டாள். தூக்கப் போன என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். “அம்மா, அம்மா” என்று வாய் ஓயாமல் கத்தினாள்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். பிரின்ஸ்தான் முதலில் சொன்னான், இது சாதாரண அழுகை இல்லை என்று. பாஸ்டர் அவள் தலையை அழுத்திப் பிடித்தார். “செத்துப்போன தாயோட நினைவு பிள்ளையைப் பிடிச்சிருக்கு. கட்டுகள் அறுபடணும்.” சுற்றி நின்று எல்லாரும் சத்தமாக ஜெபித்தார்கள். அந்தத் தாயின் ஆவியே, இந்தப் பிள்ளையை விட்டுப் போ என்றார்கள். அவள் கண் அங்கும் இங்கும் பார்த்து என்மேல் வந்து நின்றது.

நான் ஆமென் சொன்னேன். எல்லாரோடும் சேர்ந்து, சத்தமாக.

கடைசியில் சோர்ந்து சும்மா கிடந்தாள். விடுதலை கிடைத்துவிட்டது என்று கைதட்டினார்கள்.

மே 6, செவ்வாய்

காலையில் அவளே வந்து என் கையைப் பார்த்தாள். “வலிக்குதா ஆன்ட்டி?” இல்லை என்றேன். அலமாரியிலிருந்த துணியெல்லாம் பழையபடி பைக்குள் போய், பை ஆணியில் தொங்கியது.

வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஈர்கொல்லியால் தலை வாரினேன். தலை முழுக்க ஈர். வாரிக்கொண்டே, எதற்கு அந்தப் பையைக் கட்டியே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“ஊருக்குப் போறதுக்கு.”

“எந்த ஊருக்கு?”

“ஆவூருக்கு. எங்க மாமா வூட்டுக்கு. அம்மா அங்கதான் இருக்கு.”

சீப்பு நின்றுவிட்டது. “உங்கம்மா...”

“பருத்தி எடுக்கப் போவுது.” அப்பாதான் செத்துவிட்டாராம். அம்மா இருக்கிறாள், பக்கத்து ஊரில், பஸ்ஸில் ஏறினால் உட்காருவதற்குள் இறங்கிவிடுகிற தூரத்தில். “பரீட்ச லீவு விட்டா எல்லாரும் ஊருக்குப் போயிடுவோம் ஆன்ட்டி. ஒரு மாசம். அப்புறம் ஸ்கூல் தொறக்கறப்பதான் வருவோம். இந்த வருசம் நீங்க வந்துட்டீங்கல்ல, அதான் போவல.”

நீங்க வந்துட்டீங்கல்ல.

கோபமாகக் கூடச் சொல்லவில்லை. மழை வந்ததால் துணி காயவில்லை என்கிற மாதிரி சொன்னாள்.

அவள் அம்மாவை நேற்று நாங்கள் சத்தம் போட்டுத் துரத்தியிருக்கிறோம். உயிரோடு இருக்கிற பெண்ணை. ஆவூரில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவளை!

மே 7, புதன்

டாடியிடம் நேரே போய்க் கேட்டேன். மனுஷன் அசரவில்லை. “சிஸ்டர், அப்பனோ ஆத்தாளோ ஒருத்தர் இல்லேன்னாலே அது அனாதைதான். இந்தத் தாய்ங்களால வளர்க்க முடியாமத்தான எங்ககிட்ட விட்டிருக்காங்க?” சரி, அது போகட்டும், லீவில் ஏன் அனுப்பவில்லை? “நீங்க அவ்ளோ தூரத்துலேருந்து வர்றீங்க. வந்து பாக்குறப்ப இல்லம் காலியா கெடந்தா நல்லாவா இருக்கும்? மே மாசம்தான் வருவோம்னு உங்க சபையில ஒத்தக்கால்ல நின்னீங்க.”

நின்றது யார்? நான்.

பாஸ்டரிடம் போனேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். “சரீரத் தாயோட இருக்குறது ஒரு மாசம். இங்க கிடைக்கிறது நித்தியம்.”

எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத மாட்டேன்.

ராத்திரி பாடம் சொல்லும் முறை என்னிடம் வந்தபோது தலைவலி என்று எழுந்து போய்விட்டேன். உண்மையில் நான் கற்ற பாடம் இதுதான்: அனாதைகளுக்கு ஊழியம் செய்ய நாங்கள் வரவேண்டும் என்பதற்காக, ஒரு மாதத்துக்கு அனாதைகளைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

மே 9, வெள்ளி

அவள் அம்மா வந்தாள்.

கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள், உள்ளே விடவில்லை. விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்று டாடி உத்தரவாம். வாட்ச்மேன் வைரக்கண்ணு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஒல்லியான பெண், முப்பதுகூட இருக்காது. புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, விரல் நுனியெல்லாம் பருத்திக் காய் கீறிய கோடுகள். ஒரு பையில் நுங்கு.

நான் வெளியே போய்ப் பேசினேன். பெயர் சாவித்திரி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறாளாம். அப்சரின் சின்னம்மா கமருன்னிஸா அங்கே வேலை பார்த்தவர், அவர் சொல்லி ஏற்பாடு. வருகிற வியாழக்கிழமை சாயங்காலம் திருச்சியில் விமானம். திரும்பி வர இரண்டு வருடம்.

“லீவுக்கு வருமே, ஒரு மாசம் கூட வச்சிக்கிட்டு அப்புறம் போலாம்னுதான் டீச்சர் டிக்கெட்டயே மே மாசத்துக்குக் கேட்டேன். இப்ப பதினெட்டாம் தேதிக்கு அப்புறந்தான் அனுப்புவோம்கறாங்க.”

“சண்டை போட்டுக் கூட்டிட்டுப் போங்க. உங்க பிள்ளைதானே?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. “கோவிச்சுக்கிட்டு, இனிமே வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா? ரெண்டு வருசம் புள்ளைய எங்க விட்டுட்டுப் போவேன்? எங்கண்ணன் வூட்டுல அண்ணி ஒரு வேள சோத்துக்கே கணக்குப் பாக்கும்.”

உள்ளே ஹாலில் பிள்ளைகள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சாவித்திரி அந்தச் சத்தத்தில் ஒரு குரலைத் தேடிக்கொண்டு நின்றாள். அப்புறம் நுங்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மே 10, சனி

பாஸ்டரோடு பெரிய சண்டை. மற்றவர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசியில் இறங்கி வந்தார். வியாழக்கிழமை காலை வெளிநாட்டு விருந்தாளிகள் இரண்டு பேர் திருச்சிக்கு வருகிறார்கள், அழைத்துவர வேன் எப்படியும் போகிறது, அதிலேயே நானும் குந்தவையும் போய், அன்று காலையிலேயே திருச்சிக்கு வந்துவிடுகிற அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம்; ஆவூருக்கு அனுப்பினால் மற்றப் பிள்ளைகளும் கேட்குமாம். டாடியும் தலையாட்டினார். ஒரு நிபந்தனை, பதினெட்டாம் தேதி நிறைவு விழாவில், இயேசு தனக்குச் செய்ததை அவள்தான் மேடையில் சாட்சியாகச் சொல்ல வேண்டும்.

குந்தவையிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். “சத்தியமாவா ஆன்ட்டி?” ஆண்டவர் மேல் ஆணை என்றேன். ஆணையிடக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

மே 12, திங்கள்

இன்று குந்தவை சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை, இதுவரை கவனிக்கவேயில்லை.

மே 13, செவ்வாய்

ஃப்ராக்கைப் போட்டுப் பார்த்தாள். அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம். பருத்தி எடுக்கிறபோது காயைப் பிடிக்காமல் பஞ்சை மட்டும் எப்படி இழுப்பது என்று என் சேலை முந்தானையை வைத்து நடித்துக் காட்டினாள். அவள் அம்மாவைவிட அவள் வேகமாம். ஆண்டவரே, நன்றி. இரண்டு வாரத்தில் முதல் முறையாக மனதிலிருந்து சொல்கிறேன்.

மே 15, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கே நான் வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

விடிந்ததும் குந்தவை குளித்து, ஃப்ராக் போட்டு, கட்டைப்பையோடு கேட்டருகில் உட்கார்ந்துவிட்டாள். வேன் புறப்பட்டபோது உள்ளே பாஸ்டர், டாடி, கேமராவோடு பிரின்ஸ், ஷெரின், ஆளுயர மாலை, பேனர். இடம் இல்லை. இருந்த ஒரு சீட்டில் பூக்கூடை இருந்தது. “திரும்பும்போது லக்கேஜ் வேற வரும் சிஸ்டர். குழந்தை வாந்தி கீந்தி எடுத்துட்டா அவங்க முன்னாடி நல்லாருக்காது. பத்து மணிக்கெல்லாம் வேன் வந்துடும், உடனே நீங்க கிளம்பலாம். விசுவாசமா இருங்க” என்றார் பாஸ்டர்.

விசுவாசமா இருங்க! ஒரு பூக்கூடையை மடியில் வைத்துக்கொள்ள முடியாதா? அதைக் கேட்பதற்குள் வேன் போய்விட்டது.

பஸ்ஸில் போகலாம் என்று கிளம்பினேன். வைரக்கண்ணு கையைப் பிசைந்தார். “டாடி கையெழுத்து இல்லாம புள்ளைய வெளிய வுட முடியாதும்மா. என் வேலை போயிடும்.” டாடி வேனில். போன் செய்தேன். “ரூல்ஸ் சிஸ்டர். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? வந்துட்டேதான் இருக்கோம். ஜெபம் பண்ணிட்டிருங்க.”

அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியிருக்கலாம். ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டிருக்கலாம். நேற்றே கையெழுத்து வாங்கி வைத்திருக்கலாம். கணக்கு டீச்சருக்கு இது தோன்றவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஜெப அறையில் முழங்கால் போட்டேன். “நாம கேட்டா இயேசப்பா வேனைச் சீக்கிரம் அனுப்புவார்” என்றேன். அவள் நம்பினாள். கண்ணை இறுக மூடி, கை கூப்பி, புது ஃப்ராக் அழுக்காகாமல் ஒதுக்கிவிட்டு, அந்தச் சிமெண்ட் தரையில் அவ்வளவு நேரம்... பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, “இன்னும் சத்தமா கேக்கணுமா ஆன்ட்டி?” என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு ஷெரின் போனை எடுத்தாள். விருந்தாளிகள் தஞ்சாவூரில் பெரிய கோயிலைப் பார்க்க ஆசைப்பட்டார்களாம். சாப்பிட்டுவிட்டு வருகிறார்களாம்.

வேன் வந்தபோது இரண்டு மணி. வெள்ளைக்கார அம்மா இறங்கியதும் நான் குந்தவையை அவர் முன்னால் நிறுத்தி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: இவளுடைய அம்மா இன்று வெளிநாடு போகிறார், நாங்கள் வழியனுப்பப் போகிறோம். அந்த அம்மா “ஓ” என்று குந்தவையின் கன்னத்தைத் தொட்டார். அவர் முன்னால் டாடியால் மறுக்க முடியவில்லை, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அப்சர் அப்போதுதான் விஷயம் கேட்டார். “இந்தப் புள்ளைக்கா? காலையிலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா பூவைத் தூக்கி டாப்புல கட்டியிருப்பேனே!” சாப்பிடக்கூட இல்லை, வண்டியைத் திருப்பிவிட்டார்.

திருச்சி விமான நிலையத்தில் இறங்கும்போது ஐந்தாகப் போகிறது. சாவித்திரி உள்ளே போய்விட்டிருந்தாள். டிக்கெட் இல்லாமல் நம்மை உள்ளே விடமாட்டார்கள். அப்சர் போன் போட்டுக் குந்தவையிடம் கொடுத்தார்.

“அம்மா, எந்தப் பக்கம் இருக்க? நான் கண்ணாடிகிட்ட நிக்கறேன்.”

அவள் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். உள்ளே யார் யாரோ பெட்டி தள்ளிக்கொண்டு போனார்கள். போன் ஸ்பீக்கரில் சாவித்திரியின் குரல் எங்களுக்கும் கேட்டது. “மேல இருக்கேன் கண்ணு. பாஸ்போட்டுல முத்திரை குத்திட்டாங்க. கெஞ்சிப் பாத்துட்டேன், கீழ வுட மாட்டேங்கறாங்க.” “சொல்றபடி கேட்டு நடந்துக்க என்னா. வந்திருக்கவங்க மனசு கோணாம இரு. என்ன சொல்லச் சொல்றாங்களோ அதைச் சொல்லு. அம்மா வர்ற வரைக்குந்தான்.”

“சரிம்மா.”

“புதுச் சட்ட போட்டிருக்கியாமே?”

“சரிம்மா.”

போன் என் கைக்கு வந்தது. “அழுவுதா டீச்சர்?”

“இல்லம்மா, அழல.”

“அழுவலன்னா உள்ளயே வச்சிக்கும். ராத்திரி காய்ச்சல் வரும். கொஞ்சம் பாத்துக்குங்க.”

மன்னிப்பு கேட்க வாய் திறந்தேன். லைன் போய்விட்டது.

மே 16, வெள்ளி

காய்ச்சல் வந்தது.

மே 18, ஞாயிறு

நிறைவு விழா. பந்தல், பேனர், பிரியாணி. சாட்சி நேரத்தில் குந்தவையை மேடைக்கு அழைத்தார்கள். வேண்டாம், உடம்பு சரியில்லை என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. தானே எழுந்து போனாள்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திக்காமல் திணறாமல் சொன்னாள்.

“என் பேரு கிரேஸி. எனக்கு அப்பா இல்ல. அம்மா இல்ல. இயேசப்பா எனக்கு ஒரு அம்மாவைக் குடுத்தாரு. இவங்கதான் என் அம்மா.”

கையை நீட்டி என்னைக் காட்டினாள். மொழிபெயர்த்த ஷெரினுக்குக் குரல் உடைந்தது. வெள்ளைக்கார அம்மா எழுந்து நின்று அழுதார். பந்தல் முழுக்கக் கைதட்டல். என்னைத் தள்ளாத குறையாக மேடைக்கு ஏற்றினார்கள். கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள், பிரின்ஸ் கேமராவோடு ஓடி வந்தான். கட்டிப்பிடித்தேன். கட்டையைப் பிடித்த மாதிரி இருந்தது.

அவள் என் காதில் கேட்டாள்: “சரியா சொன்னேனா ஆன்ட்டி?”

வந்த நாளிலிருந்து நான் முழங்காலில் நின்று கேட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். கொடுத்துவிட்டீர் ஆண்டவரே. போதும்.

மே 20, செவ்வாய்

பெரம்பூர். டி-சர்ட்டைத் துவைத்துத் தரைத்துணியாகப் போட்டிருக்கிறேன். தண்ணீர் சரியாக இழுக்க மாட்டேன் என்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

சபையில் என்னை ‘மிஷன் பயணத்தில் கற்ற விசுவாசப் பாடங்கள்’ சொல்ல அழைத்தார்கள். போய் நின்றேன். அந்தப் பிள்ளையின் பெயர் குந்தவை, அவளுடைய அம்மா பெயர் சாவித்திரி, உயிரோடு இருக்கிறார், அங்கே இருக்கிற முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார்கள் என்று தொடங்கினேன். லீவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகாததற்குக் காரணம் நான் குறித்த தேதி என்று சொல்லும்போது மைக் நின்றுவிட்டது. கரண்ட் கட் என்றார்கள். தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். அவர் மைக்கை நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாவித்திரி குவைத்திலிருந்து பேசினாள், அப்சரிடம் என் நம்பர் வாங்கியிருக்கிறாள். கொஞ்ச நேரம்தான் போன் கொடுப்பார்களாம். நான் விழுந்து விழுந்து மன்னிப்பு கேட்டேன். “டீச்சர், நீங்க அடுத்த லீவுக்குப் போவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கமிட்டி கூடியதாம். அடுத்த வருடமும் மே. குழுவில் என் பெயர் இல்லை.

ஏப்ரல் 30, வியாழன், வலங்கைமான்

குழு சனிக்கிழமை வருகிறது. நான் இன்றே வந்துவிட்டேன், தனியாக, புடவையில்.

சாவித்திரி மூன்று முறை குவைத்திலிருந்து டாடிக்குப் போன் செய்துவிட்டாள், லீவுக்கு என் பிள்ளையை டீச்சரோடு அனுப்புங்க என்று. மூன்று முறையும் பார்க்கலாம் என்றாராம். போன வாரம் நான் பேசினேன். நிறைவு விழாவுக்கு முன்வரிசையில் வந்து உட்காருவேன், எந்தப் பிள்ளையாவது அம்மா இல்லை என்று மேடையில் சொன்னால் நான் எழுந்து அந்த அம்மாவின் பெயரைச் சொல்வேன், எனக்கு மைக் வேண்டாம், வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை என்றேன். “ஒரு புள்ளதான?” என்றார்.

ஆமாம், ஒரு பிள்ளைதான். நான் போனபோது மற்றவர்கள் வாசலில் உயரப்படி நின்று வரவேற்புப் பாட்டு பழகிக்கொண்டிருந்தார்கள். குந்தவை கட்டைப்பையோடு அந்த வரிசையைக் கடந்து வந்தாள். யாரும் பாட்டை நிறுத்தவில்லை, கண்கள் மட்டும் அவள் பையோடு கேட்டுவரை வந்தன. அவர்கள் ஒவ்வொருவர் படுக்கைக்கு மேலும் என்ன தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆவூரில் அவள் மாமா வீட்டில் தங்கப் போகிறோம். சாவித்திரியின் அண்ணி கணக்குப் பார்க்காமல் இருக்க அரிசி பருப்போடுதான் வந்திருக்கிறேன். சாயங்காலம் சாவித்திரி வீடியோவில் வருவாள்.

வைரக்கண்ணு கேட்டருகில் நிறுத்தினார். “கோச்சுக்காதீங்கம்மா. கூட்டிட்டுப் போறது யாருன்னு புள்ளையே வாயால சொல்லணும். இப்ப அதான் ரூல்ஸ்.” குந்தவையிடம் குனிந்தார். “யாரு பாப்பா இவங்க?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருடத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறாள், முன்பல் முளைத்துவிட்டது. போன வருடம் சொல்லிக்கொடுத்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்தேன்.

“எங்கம்மாவுக்குத் தெரிஞ்சவங்க” என்றாள்.

வைரக்கண்ணு கேட்டைத் திறந்தார்.